பொன்முடிப் புல்வெளியில் குடியேறியவர்கள்

சென்ற திங்கள் இப்பகுதியில் சாலைக் கடைத்தெருவையும் கரமனை அக்கிரகாரத்தையும் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர் அஞ்சலட்டையில் இரண்டே வரி எழுதியிருக்கிறார்: “திருவனந்தபுரத்துத் தமிழர் என்றால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மட்டுந்தானா? ஆறு பிறக்கும் இடத்திலும் தமிழர் இருக்கிறார்களே, ஐயா.” அன்பர் சொன்னது முற்றும் உண்மை. எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் புளியோதரை கட்டிக்கொண்டு பொன்முடிக்குப் போய்வராத குடும்பம் நம் சங்கத்தில் அரிது. வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுப்பதும், மேலே மூடுபனியில் நின்று படம் எடுத்துக்கொள்வதும், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவதும் நமக்குப் பழகிய செய்திகள். வழியில் தேயிலைச் சரிவில் நீண்டு கிடக்கும் தகரக் கூரைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

பொன்முடி நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பாதை பேரூர்க்கடை வழியாக நெடுமங்காட்டுக்குச் செல்கிறது. பேரூர்க்கடையில்தான் ‘மனோன்மணீயம்’ இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தம் ஆசிரியர் ஹார்வி துரையின் பெயரால் ஹார்விபுரம் என்று வீடமைத்து வாழ்ந்தார். நாடகம் 1891-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டில், 1897-இல், அவர் மறைந்தார். நம் பேருந்து அந்த இடத்தைத் தாண்டும்போது பலர் கண்ணயர்ந்திருப்பர். நெடுமங்காட்டுக்கு அப்பால் விதுரை, பிறகு கல்லாறு, அதன்பின் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள். ஏறி முடித்தால் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மரம் குறைந்து புல் தொடங்குகிறது.

இந்தப் புல்லைப் பற்றி ஒரு சொல். மலைமுகட்டில் மரமில்லையே, யாரோ வெட்டிவிட்டார்கள் போலும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் காற்றடிக்கும் முகடுகளில் புல்லும், மடிப்புகளில் ஓடைக்கரையை ஒட்டிச் சோலையும் அடுத்தடுத்து அமைவது இயற்கையின் ஏற்பாடு. நீலகிரியின் சதுப்பு மண்ணில் படிந்துள்ள மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள புல்வெளி பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று காட்டியிருக்கிறார்கள். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குச் சிறிது சிறிதாக விடுவது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்து செய்யும் வேலை. பொன்முடியை அடுத்த வரையாட்டுமொட்டையில் இன்றும் வரையாடு மேய்கிறது. ஆனால் ஆங்கில அதிகாரிகளின் ஏடுகளில் இவ்வகை நிலத்துக்கும் காட்டுக்கும் வைத்திருந்த பெயர் ‘தரிசு’ என்பதே. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் பிற்காலத்துக் கதையெல்லாம் கிளைத்தது.

தரிசு என்று எழுதியவர்களுக்குக் காணிக்காரரைத் தெரியாமல் இல்லை. அகத்தியமலைச் சாரல் முழுவதும் அவர்களுடைய வாழ்விடம். தேனெடுத்தும், கிழங்கு அகழ்ந்தும், காட்டின் ஒரு பகுதியைத் திருத்திச் சில காலம் பயிரிட்டுப் பின் அதை விட்டு நகர்ந்தும் வாழ்ந்தவர்கள். தலைவனை மூட்டுக்காணி என்பர். அவர்கள் பேச்சு தமிழும் மலையாளமும் பின்னிய ஒன்று. அகத்தியர் அவர்களுக்கும் தெய்வம். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1883-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் மக்கள் பற்றிய நூலில் இவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இவர்களுடைய அறிவுக்கு உலகம் பின்னாளில் தலைவணங்கிய கதையும் உண்டு. 1987-இல் அகத்தியமலைக்குச் சென்ற ஆய்வாளர் குழு ஏறமாட்டாமல் களைத்து நிற்க, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்களாம். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் மருந்து நிலையம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்துப் பெற்ற தொகையில் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று; அதைப் பெறுவதற்கென 1997-இல் அவர்களுடைய அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடியினருடன் பலனைப் பங்கிட்டுக்கொண்டதற்கு இஃது உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. கல்லாற்றுக் காட்டு மருத்துவப் பாட்டி லட்சுமிக்குட்டி அம்மையாருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததை நம் இல்லங்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். மாதவராயர் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த காலத்தில் (1858–1872) மலை நிலத்தைக் காப்பி பயிரிடுவோருக்கு வழங்கும் விதிகள் எழுந்தன. தெற்கே அசம்பு மலையிலிருந்து வடக்கே பீர்மேடு வரை துரைமார் வந்து காடு திருத்தினார்கள். 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய காப்பி இலைத் துரு நோய் கடல் கடந்து இங்கும் வந்து பலரை ஓட்டாண்டியாக்கியது. மிஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். பொன்முடிச் சாரலில் அவர்கள் தம் தோட்டங்களுக்கு இட்ட பெயர்களைக் கேளுங்கள்: மெர்ச்சிஸ்டன், பிரேமோர், போனக்கார்டு. மெர்ச்சிஸ்டன் என்பது எடின்பரோ நகரின் ஒரு பகுதி. மடக்கைக் கணக்கைக் கண்ட நேப்பியர் பிறந்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. பிரேமோர் ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஊர்ப்பெயர். ‘போன் அக்கார்டு’ என்பது அபர்டீன் நகரத்தின் இலச்சினை வாசகம். பிறந்த ஊரின் பெயரை வந்த ஊருக்கு வைப்பது மனித இயல்பு. நாமும் வீட்டு வாசலில் ‘பொதிகை இல்லம்’ என்று பலகை மாட்டியிருக்கிறோம் அல்லவா? அந்த லயங்களில் குடியேறிய நம்மவர்தாம் தம் ஊரின் பெயரை எதற்கும் வைக்க இயலாமற்போயிற்று. லயத்துக்கு எண் மட்டுமே உண்டு.

நம் வாசகர்களில் சிலருடைய மக்கள் இப்போது கானடாவில் இருக்கிறார்கள். அங்கே பிரெய்ரி எனப்படும் பெரும் புல்வெளியிலும் இதே காலத்தில் இதே ஸ்காட்லாந்துக்காரர் குடியேறினர். கால்கரி என்பதுகூட ஸ்காட்லாந்துத் தீவொன்றிலிருந்து சென்ற பெயரே. கானடா அரசு 1872-இல் இயற்றிய நிலச் சட்டப்படி, பத்து டாலர் கட்டணம் செலுத்தி, மூன்றாண்டு அங்கேயே தங்கிப் பயிரிட்டவனுக்கு 160 ஏக்கர் சொந்தமாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அத்தகைய சட்டம் 1862-லேயே வந்துவிட்டது. அந்நிலமும் ஆளற்ற நிலமன்று. 1877 செப்டம்பர் 22 அன்று பிளாக்ஃபுட் முதலிய பழங்குடியினருடன் ஆங்கில அரசு ஏழாம் உடன்படிக்கை செய்துகொண்டு பிரெய்ரியின் மேற்குப் பகுதியை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று இங்கே பூஞ்சாற்று அரசரிடம் மன்றோ துரை கண்ணன்தேவன் மலையைப் பத்திரம் எழுதி வாங்கினார். பூமியின் இரு புறத்திலும் ஒரே வேலை இரண்டரை மாத இடைவெளியில் நடந்திருக்கிறது! அதற்குமேல் ஒப்புமை செல்லாது. பிரெய்ரியில் மண்ணைத் திருத்தியவன் நிலக்காரன் ஆனான். நம் மலையில் மண்ணைத் திருத்தியவன் கூலியாகவே இருந்தான். குடியிருந்த அறையும் அவனுடையதன்று.

திருநெல்வேலி, இராமநாதபுரம், நாஞ்சில் நாடு ஆகிய இடங்களிலிருந்து இம்மலைகளுக்கு ஆள் கட்டி வந்தவர்கள் கங்காணிமார். மழை பொய்த்த ஆண்டில் ஊர்ச்சாவடியில் கங்காணி வந்து உட்காருவார். முன்பணம் கொடுப்பார், கம்பளி கொடுப்பார். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டு ஓடினால் அது கடன் தகராறு அன்று, குற்றம். 1859-இல் ஆங்கில இந்தியாவில் இயற்றிய சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. 1920-களின் நடுவில்தான் அது நீங்கிற்று. காட்டுக் காய்ச்சலில் இறந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை. தென்திருவிதாங்கூரில் பிறந்து வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது; தோட்டத்து வாழ்வை அறிய விரும்புவோர் அதைப் படிக்கலாம். சாலைத் தெருவுக்கு ஆ. மாதவன் வாய்த்தார். பொன்முடி லயத்துக்கு அப்படி ஒருவர் இன்னும் என் கண்ணில் படவில்லை.

அஞ்சலட்டை வந்த மறு வாரம் நான் மலையேறினேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டா. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு திண்ணை: இப்படிப் பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ். பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. ஒரு திண்ணையில் வயதான அம்மையார் ஒருவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அய்யா எங்கேருந்து வாறீக?”

“பட்டணத்திலிருந்துதான் அம்மா. திருவனந்தபுரம்.”

“ஒங்க பேச்சு மலையாளம் இல்லையே.”

“எங்களுக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம்.”

“அப்பம் நம்ம ஆளுக. திண்ணையில இரிங்க, சாயா போடுதேன்.”

‘சாயா’ என்று மலையாளமும் ‘போடுதேன்’ என்று நெல்லைத் தமிழும் ஒரே மூச்சில் வந்தன. அவருடைய தாயாரைப் பாட்டியார் இடுப்பில் சுமந்துகொண்டு செங்கோட்டையிலிருந்து மலைவழியே நடந்தே வந்தாராம். “அப்பம் அங்கேயும் இங்கேயும் ஒரே மகாராசா அய்யா. யாரு என்ன கேக்கப் போறா?” என்றார்.

அந்த அம்மையார் சொன்னதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். செங்கோட்டையும், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்தவை. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு இரையானவர்களையும் நாம் மறக்கவில்லை. அந்த நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் நெடுமங்காடும் கேரளத்தோடு நின்றன. நாஞ்சில் நாட்டிலிருந்தோ செங்கோட்டையிலிருந்தோ அதற்கு முன் பொன்முடிக்கு ஏறியவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. தம் நாட்டுக்குள்ளேயே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போனார்கள். எல்லைக்கோடு பின்னால் போடப்பட்டது. ‘வெளியூர்க்காரர்’ என்ற பெயரும் அதன்பின்னர்தான் வந்தது.

சட்டங்கள் வாராமல் இல்லை. 1951-இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. பெரிய முன்னேற்றந்தான். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். விடாமலிருக்கப் பிள்ளைகளில் ஒருவர் அதே கூடையைத் தோளில் மாட்ட வேண்டும். நன்றாகப் படிக்கும் பெண் பத்தாம் வகுப்போடு நின்று கொழுந்து கிள்ளப் போவதன் காரணம் பல வீடுகளில் இதுவே. பின்னர் 1970-இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம் குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து செண்டு வரை மண்ணுரிமை தந்தது. இந்திய நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம் அது, அதில் ஐயமில்லை. எனினும் தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பத்து செண்டு எட்டவில்லை. பிரெய்ரிக்காரனின் 160 ஏக்கரை நினைத்துக்கொண்டு இந்தப் பத்து செண்டை எண்ணிப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து 70 உயிர்கள் போனபோது, மறுநாள் செய்தித்தாளில் நாம் கண்ட பெயர்கள் பெரும்பாலும் நம் பெயர்களாக இருந்ததன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

பாலோட்டுக்கு வடக்கே, குளத்துப்புழை, புனலூர்ப் பக்கத்தில் இன்னொரு கிளைக்கதை உண்டு. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தது. அவ்வாறு திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிக்கவே புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் மறுவாழ்வு ரப்பர்த் தோட்ட நிறுவனம் தோன்றிற்று. பாட்டன் இராமநாதபுரத்திலிருந்து கண்டிக்குப் போனான். பேரன் கண்டியிலிருந்து கொல்லம் மாவட்டத்துக்கு வந்தான். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அம்மையாரிடம் திரும்புவோம். அவருடைய பேரனுக்குக் கல்லூரியில் இடம் தேட வேண்டியிருக்கிறது. சாதிச் சான்றிதழ் கேட்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போயிருக்கிறான். “1950-க்கு முன்னேயே இங்க இருந்ததுக்கு என்ன ரேக்கை இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். அதிகாரி மேல் குறையில்லை, விதி அப்படி. பட்டியல் சாதியினர் யார் என்று மாநிலந்தோறும் வகுத்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியாயிற்று. அந்நாளில் ஒரு குடும்பம் நிலையாக எங்கே வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தில்தான் அதற்குச் சலுகை. பின்னர் இடம் பெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அதைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றமும் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆகவே தாத்தா 1948-இல் வந்தாரா, 1952-இல் வந்தாரா என்பது வெறும் வரலாற்று ஆராய்ச்சியன்று. பேரனுடைய படிப்பும் உத்தியோகமும் அந்த ஓர் ஆண்டில் தொங்குகின்றன.

நிலப்பட்டா இல்லாதவனிடம் பட்டா கேட்க முடியாது. வீட்டுவரி கட்டாதவனிடம் ரசீது இராது. லயத்தில் பிறந்தவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி தோட்டத்து ஆபீசின் பேரேடுதான். எந்த நாளில் யார் வேலைக்குச் சேர்ந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த லயத்தில் எத்தனாம் எண் என்பதெல்லாம் கணக்கப்பிள்ளை எழுதி வைத்தவை. தோட்டம் கைமாறுகிறது, பிறகு நொடிக்கிறது, ஆபீஸ் பூட்டப்படுகிறது. பூட்டிய அறையில் ஏட்டைப் படிப்பது கறையான் மட்டுமே. போனக்கார்டில் தேயிலை ஆலை ஓடாமல் நின்று பல ஆண்டுகளாயின. கூலி நிலுவை, பணிக்கொடை நிலுவை என்று அங்குள்ளோர் முறையிட்டதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். ஆனால் இன்று போனக்கார்டு என்று எந்த இளைஞனைக் கேட்டாலும் “பேய் பங்களாவா?” என்கிறான். பாழடைந்த துரை பங்களா ஒன்றில் பேய் உலவுவதாகக் கதை கட்டி, அதைக் காண மோட்டார் சைக்கிளில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். போகும் வழியில் ஒழுகும் கூரையின் கீழ் உயிரோடு இருப்பவர்களை அவர்கள் படம் பிடிப்பதில்லை. 1855-இல் பிரவுன் என்ற வானூலார் அதே மலைத்தொடரில் அகத்தியகூடத்தின் உச்சிக்குக் கருவிகளைச் சுமக்கச் செய்து ஆய்வுக்கூடம் அமைத்தார். அவர் குறித்த காந்த அளவுகள் அச்சேறிப் பத்திரமாக இருக்கின்றன. மலையேறிக் கொழுந்து கிள்ளியவர்களின் பெயர்ப்பட்டியலுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை.

கரமனையாறு பிறப்பது அந்த மலைகளில்தான். பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாக நம் வீட்டுக் குழாயில் வருவது அந்த நீர். அஞ்சலட்டை அன்பர் எழுதியதன் பொருள் திண்ணையில் சாயா குடிக்கும்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

அம்மையார் உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு தாள். தோட்டத்து ஆபீஸ் முத்திரை. ஆங்கிலத்தில் மை மங்கிய எழுத்து. பாட்டியாரின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது. ஊர் செங்கோட்டை என்று தெளிவாக இருந்தது. ஆண்டு 1946.

“இது செல்லுமா அய்யா?” என்று கேட்டார்.

செல்லும் என்றே நம்புகிறேன். பெயர்ப் பிழைக்காக இன்னொரு சான்று வேண்டியிருக்கும். சங்கத்தில் உள்ள வழக்கறிஞர் நண்பர் அதைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் குடும்பங்களில் யாருடைய பாட்டனாரேனும் பொன்முடி, போனக்கார்டு, பிரேமோர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளையாகவோ, மருந்தாளராகவோ, ஆசிரியராகவோ, கங்காணியாகவோ இருந்திருந்தால், பரணில் தேடிப் பாருங்கள். பழைய சம்பளப் பட்டியல், ஆள் கணக்கு, கோயில் வரி நோட்டு, திருமுழுக்குப் பதிவு, கொடைவிழா நோட்டீசு எதுவாயினும் ஆகும். 1950-க்கு முந்தைய ஆண்டும் ஒரு பெயரும் அதில் இருந்தால் போதும். மூலத்தைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். படி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க நூலகத்தில் கொடுத்தால் பெற்றுக்கொள்வோம்.